மலையேற எந்தக் காலணி?
விடுமுறையில் 1,276 மீட்டர் உயர குனோங் லேடாங்குக்கோ பெக்கோக் காட்டுக்கோ கிளம்பும் லாபிஸ் இளைஞர்களே, விலையுயர்ந்த பூட்ஸைப் பார்த்து மயங்கவேண்டாம். தோட்டத்தில் நம் பாட்டிமார் பால்மரம் வெட்டப் போட்டுப்போன கறுப்பு ரப்பர் காலணி, அதாவது ‘அடிடாஸ் கம்போங்’, சேற்றில் சளைக்காது. ஒரே வார்ப்பு என்பதால் தையல் பிரியாது; ஆற்றில் இறங்கினாலும் ஊறிக் கனக்காது. குறையும் உண்டு: கணுக்காலுக்குப் பிடிமானமில்லை. கனத்த பை சுமப்பவருக்கு உயரமான பூட்ஸே நல்லது.

சோதனை இறங்கும்போதுதான். கால் முன்னே சரிந்து விரல்நுனி மோதும், நகம் கறுக்கும். (பனிமலையில் ஏறிச் சறுக்குபவர்களுக்கும் இதே தலைவலிதான்: ஏற, குதிகால் தாராளமாக எழவேண்டும், இறங்க, கால் உறுதியாகப் பிணைந்திருக்கவேண்டும்.) எனவே கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரு வாரமாவது வீட்டருகே நடந்து பழக்கிய பிறகு மலைக்குப் போங்கள்.