பூ உதிர்ந்தால் உடனே மருந்து அடிக்கவேண்டாம்: கோடையில் வீட்டுத் தக்காளி

மல்லாவி, துணுக்காய்ப் பகுதிகளுக்குத் திரும்பி வந்து வளவில் தக்காளி வைத்துள்ள குடும்பங்களுக்கு, பத்துக் கன்றுகள் கூடப் பெரிய உதவி. ஆனால் சித்திரை வெயிலில் பூ உதிர்வதைக் கண்டதும் கடையில் மருந்து வாங்கி அடித்தால் பணம் வீணாகும். பிள்ளைகளுக்கும் கிணற்றுக்கும் ஆபத்து. இது வெயிலால் வந்ததா, பூச்சியால் வந்ததா என்று முதலில் பாருங்கள்.

வெயிலால் வருபவை

பகல் வெப்பம் 32 பாகை செல்சியசைத் தாண்டி, இரவும் வெக்கையாக இருந்தால் மகரந்தம் சரியாக உருவாகாது. பூ காய் பிடிக்காமல் உதிரும். இதற்கு மருந்து இல்லை.

காயின் அடி கறுத்துப் போவது பெரும்பாலும் நீர் ஒழுங்கின்மையால். ஒருநாள் நிறைய ஊற்றி இரண்டு நாள் விட்டால் கல்சியம் காய்க்குப் போய்ச் சேராது. இது தொற்றாது.

செய்யவேண்டியவை:
• தினமும் காலையில், ஒரே அளவாக, வேரடியில் நீர் ஊற்றுங்கள்.
• வைக்கோல் அல்லது காய்ந்த இலையை மூன்று அங்குலம் பரப்புங்கள். தண்டில் முட்டக்கூடாது.
• மேற்குப் பக்கம் கிடுகு அல்லது பனையோலைத் தட்டி கட்டுங்கள். பின்னேர வெயிலையும் சோளகக் காற்றையும் மறிக்கும்.
• காயை மூடி நிற்கும் இலைகளைக் கிள்ளவேண்டாம்.

பூச்சியால் வருபவை

இலை மேல்நோக்கிச் சுருண்டு கன்று குறுகினால், இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கிருக்கும் வெள்ளை ஈ வைரசு நோயைப் பரப்பும். நோய் பிடித்த கன்று மாறாது. பிடுங்கி எரித்தால் மற்றவை தப்பும். நாற்றுமேடையைப் பழைய மெல்லிய சேலையால் மூடுவது நல்லது.

காயில் வட்டத் துளை இருந்தால் அது காய்ப்புழு. துளைபட்ட காய்களைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள்.

இரண்டுக்கும் வேப்பங்கரைசல் உதவும். இடித்த வேப்பம்பருப்பு 50 கிராமை 1 லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை போதும்.

அதற்கும் அடங்காவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு இலையையும் காயையும் காட்டிக் கேளுங்கள். கிருமிநாசினியைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவோ, தெளிகருவியைக் கிணற்றடியில் கழுவவோ வேண்டாம்.

கவனம்

வேப்பம்விதை, இலைகுழை பொறுக்க ஆட்களில்லாத வளவுகளுக்கும் பற்றைகளுக்கும் போகவேண்டாம், பிள்ளைகளையும் அனுப்பவேண்டாம். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்திய இடத்தில் மட்டும் மண்ணைக் கொத்துங்கள். தெரியாத பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு அல்லது பொலிசாருக்கு அறிவியுங்கள்.

அடுத்த நடுகை

கார்த்திகைக் கடைசியில் அல்லது மார்கழியில், பெருமழை தணிந்தபின் நட்டால் தை, மாசியில் பூக்கும். அப்போது இரவு குளிராக இருப்பதால் காய் நன்றாகப் பிடிக்கும். இப்போது நிற்கும் கன்றுகள் பூவை உதிர்த்தாலும் பிடுங்கவேண்டாம். நோயில்லாமல் பச்சையாக நின்றால் நீரும் நிழலும் கொடுங்கள். வெக்கை குறையும்போது அவை மீண்டும் பூக்கக்கூடும்.