வானும் வானுலகும்

‘ஹெவன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் யாது என்று வினவினால், நீங்கள் தயங்காமல் ‘சுவர்க்கம்’ என்பீர்கள். அவ்விடை பிழையன்று, ஆயினும் அது பாதி விடையே ஆகும்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல், நாம் கண்ணாற் காணும் வானத்தையும் கடவுள் உறையும் மேலுலகத்தையும் ஒருங்கே குறித்தது. பின்னர் நார்ஸ் மொழியிலிருந்து ‘ஸ்கை’ என்ற சொல் ஆங்கிலத்தில் வந்து புகுந்தது. அதன் முதற்பொருள் மேகம். நாளடைவில் வானத்தைக் குறிக்கும் பணியை அது ஏற்றுக்கொள்ளவே, ‘ஹெவன்’ பெரும்பாலும் மேலுலகத்துக்கே உரியதாயிற்று. எனினும் பழம்பொருள் அடியோடு மறையவில்லை. ஞாயிறு, திங்கள், விண்மீன்களை ஆங்கிலேயர் ‘ஹெவன்லி பாடீஸ்’ என்று இன்றும் வழங்குகின்றனர்.

உயர்த்துதல் எனப் பொருள்படும் ‘ஹீவ்’ என்ற சொல்லே இதன் வேர் என்பாரும் உளர். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு நிலைபெற்றுவிடாது. இச்சொல்லின் ஆதி வேரைப் பற்றி மொழிநூலார் இன்னும் ஒருமுடிவுக்கு வந்திலர்.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது நம் காரைக்கால். அம்மொழியின் ‘சியேல்’ இன்றும் வானம், மேலுலகம் என்னும் இரு பொருளையும் தரும். ஜெர்மானியரின் ‘ஹிம்மெல்’ என்பதும் அவ்வாறே. தமிழில் ‘வான்’ என்பது ஆகாயம், மழை, தேவருலகம் ஆகிய மூன்றையும் சுட்டும். திருக்குறளில் ‘வான்சிறப்பு’ மழையைப் போற்றும் அதிகாரம். ‘வானோர்’ என்றாலோ தேவர். மழையை நம்பி வாழும் போலகத்து உழவருக்கு இவ்வுறவை எவரும் விளக்கவேண்டுவதில்லை.

இத்தகைய இருபொருட் சொல்லை மொழிபெயர்ப்பது எங்ஙனம்? போலகத்துக்கு வடக்கே, தரங்கம்பாடியில், சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ஆம் ஆண்டில் அச்சேறியது. அதன்பின் தமிழ் விவிலியம் பன்முறை திருத்தம் பெற்றது. ஹென்றி பவர் என்பாரின் முயற்சியால் 1871-இல் நிறைவுற்ற திருத்தத்தை எடுத்துப் பாருங்கள். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம், உலகப் படைப்பைக் கூறும் முதல் வசனத்திலும், இயேசு கற்பித்த செபத்திலும் ‘ஹெவன்’ என்ற ஒரே சொல்லை ஆள்கிறது. தமிழிலோ முன்னதில் ‘வானம்’ என்றும், பின்னதில் ‘பரமண்டலம்’ என்றும் இரு வேறு சொற்கள் உள்ளன. இரண்டிடத்தும் ‘பரமண்டலம்’ என்றே எழுதியிருந்தால், நம் தலைக்கு மேல் விரிந்திருக்கும் வானத்தைக் கடவுள் படைத்தார் என்ற செய்தி மங்கியிருக்கும். இரண்டிடத்தும் ‘வானம்’ என்றே எழுதியிருந்தால், கடவுளின் இருப்பிடம் மேகக் கூட்டத்தில் உள்ளதென்று சிறுவர் எண்ணக்கூடும்.

அகராதி பொருள்களை வரிசையாக நிறுத்திக் காட்டும்; இடத்துக்கு உரியதைத் தேர்வது படிப்பவரின் கடமை. ஆதலின் தெரிந்த சொல்லேயாயினும், அது நிற்கும் வாக்கியத்தை முழுதும் படித்த பின்னரே பொருள் கொள்ளுங்கள்.