முதியவர்களின் மருந்து: ஊர் திரும்புவோர் கவனத்திற்கு

நுகேகொடையிலிருந்து ஊர் திரும்பும்போது முதியவரின் கிளினிக் கொப்பியையும் மருந்துகளையும் கைப்பையிலேயே வைத்திருங்கள். சாமான்களுடன் லொறியில் ஏற்றாதீர்கள். களுபோவில வைத்தியசாலையில் கிளினிக் மருந்து எடுப்பவராயின், புறப்படுமுன் ஊர் வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

ஒரே குளிசை இரண்டு பெயர்களில் வரலாம். கிளினிக்கில் தரும் 'கிளிக்கிளசைட்'டும் பார்மசியில் விற்கும் 'டயமைக்ரோனு'ம் ஒரே நீரிழிவு மருந்துதான். தெரியாமல் இரண்டையும் கொடுத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்குக் குறையும். ஆகவே புதிய கிளினிக்குக்கு முதன்முறை போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வியர்வை, நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் கண்டால், விழுங்கக்கூடியவராயின் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல், 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.