அப்டேட் செய்த பின் செல்போன் மந்தமாவது ஏன்?

நேற்று வரை ஒழுங்காக வேலை செய்த செல்போன், இரவில் அப்டேட் கேட்டது, ‘சரி’ என்று தொட்டோம், மறுநாளிலிருந்து மந்தமாகிவிட்டது என்பது இன்று கிராமங்களில் பரவலாகக் கேட்கும் குறை. திறக்க நேரமாகிறது, செயலிகள் பாதியில் மூடிக்கொள்கின்றன, காலையில் போட்ட சார்ஜ் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.

இதைச் சிறு தொல்லை என்று தள்ளிவிட முடியாது. பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 3 தவணைகளாக வரும் 6,000 ரூபாய்க்கான அடையாளச் சரிபார்ப்பு, நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்பதிவு, பயிர்க் காப்பீடு, தமிழக அரசு 2018-ல் தொடங்கிய உழவன் செயலி, மழை அறிவிப்பு, மார்க்கெட் விலை என்று பல காரியங்கள் செல்போனுக்கு வந்துவிட்டன. கடைசித் தேதியன்று போன் மக்கர் செய்தால் நஷ்டம் விவசாயிக்குத்தான். ஆனால் காரணம் இன்னது என்று தெரிந்துகொண்டால், பல சமயம் செலவில்லாமலே சரிசெய்துவிடலாம். அவசரப்பட்டுப் புதுப் போன் வாங்கத் தேவையில்லை.

அப்டேட்டில் மூன்று வகை

முதல் வகை, போனின் அடிப்படை மென்பொருளையே புதிய பதிப்புக்கு மாற்றுவது. பெரும்பாலான போன்களில் இது ஆண்டுக்கு ஒரு முறை வரும், அளவில் பெரியது. இரண்டாவது, பாதுகாப்பு அப்டேட். திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைப்பது இதன் வேலை, அளவில் சிறியது. மூன்றாவது, வாட்ஸ்அப், வங்கிச் செயலி போன்றவற்றுக்குத் தனித்தனியே வரும் அப்டேட். போன் மந்தமாவதற்குப் பெரும்பாலும் முதல் வகையே காரணமாகிறது. பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் ஒருபோதும் ஒதுக்கக் கூடாது. பணம் போனில் இருக்கும் காலம் இது.

வேகம் குறையக் காரணங்கள்

1. முதல் ஓரிரு நாள் மந்தம்: பெரிய அப்டேட் முடிந்தவுடன், போனில் உள்ள செயலிகளையெல்லாம் புதிய மென்பொருளுக்கு ஏற்றபடி போன் மறுபடி தயார் செய்கிறது. படங்களையும் மறுபடி வரிசைப்படுத்துகிறது. இந்த வேலை நமக்குத் தெரியாமல் உள்ளே நடக்கும். அதனால் சூடேறும், சார்ஜ் இறங்கும். இது பழுதல்ல. ஓரிரு இரவு சார்ஜில் போட்டு வைத்தால் தானாகவே அடங்கிவிடும்.

2. பாரம் கூடுவது: போனின் நினைவகம், அதாவது ராம், வாங்கிய அன்று 2 அல்லது 3 ஜி.பி. என்றால் கடைசி வரை அவ்வளவுதான். புதிய மென்பொருளோ அதில் அதிக இடம் கேட்கிறது. வண்டியும் மாடும் பழையன. மூட்டை மட்டும் கூடிவிட்டது போன்ற நிலை. இந்த நிலையில் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால், முதல் செயலியைப் போன் மூடிவிடும். ஆதார் எண்ணைப் போட்டுவிட்டு, ஓ.டி.பி. பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால், பதிவுப் பக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது இதனால்தான். ஓ.டி.பி. வந்ததும் மெசேஜைத் திறக்காமல், திரையின் மேல்பகுதியில் தோன்றும் அறிவிப்பிலேயே எண்ணைப் படித்துக்கொள்வது நல்லது.

3. சேமிப்பிடம் நிரம்பியிருப்பது: நெல் குதிர் நிறைய மூட்டை அடுக்கியிருந்தால், ஒரு மூட்டையை உள்ளே வைக்க நாலு மூட்டையை நகர்த்த வேண்டியிருக்கும். போனின் சேமிப்பிடமும் அப்படியே. அதில் புதிதாக எழுதுவதற்கு முன், பழையதைக் கட்டம் கட்டமாக அழித்து இடம் உண்டாக்க வேண்டும். காலியிடம் குறையக் குறைய இந்த வேலை கூடி, போன் திணறும். பெரிய அப்டேட் வந்து இடத்தை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஐந்தில் ஒரு பங்கு இடம் எப்போதும் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. பேட்டரி தளர்ந்துபோவது: லித்தியம் பேட்டரி சுமார் 500 முறை முழுதாகச் சார்ஜ் ஆன பின் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது சாதாரணம். வெயிலில் கிடந்தால் இன்னும் விரைவில் தளரும். டிராக்டர் முன்பலகையிலும், தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையிலும் போனை வைப்பதைத் தவிர்க்க வேண்டும். தளர்ந்த பேட்டரியால் திடீரென்று கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாது, போன் அணைந்துவிடும்.

5. மென்பொருளிலேயே பிழை: 2021 மார்ச்சில் உலகெங்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் ‘வெப்வியூ’ என்ற பொதுப் பாகத்துக்கு வந்த அப்டேட்டில் இருந்த பிழையே காரணம். கூகிள் நிறுவனம் விரைவிலேயே திருத்திய அப்டேட்டைக் கொடுத்தது. அதைப் போட்டதும் சரியாகிவிட்டது. அதற்குள் பதற்றப்பட்டுப் போனில் உள்ளதையெல்லாம் அழித்திருந்தால், இழப்பு வீணாகத்தான் போயிருக்கும். அண்டை அயலாரின் போனிலும் அதே கோளாறு இருந்தால், ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கம்பெனிகள் வேண்டுமென்றே செய்கின்றனவா?

புதுப் போன் விற்பதற்காகப் பழையதை மந்தமாக்குகிறார்கள் என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. இதற்கு ஓரளவு ஆதாரமும் இருக்கிறது. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், பேட்டரி தளர்ந்த சில ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணைவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாகக் கூறி, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 அக்டோபரில் இத்தாலி நாட்டின் போட்டிக் கண்காணிப்பு ஆணையம், அப்டேட்டினால் பழைய போன்கள் பாதிக்கப்பட்டதற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், சாம்சங் நிறுவனத்துக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. 2020-ல் பிரான்ஸ் நாடும், வேகம் குறையலாம் என்பதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லவில்லை என்று ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. அந்த ஐபோன்களில் பேட்டரியை மாற்றியதும் வேகம் திரும்பியது. ஆகவே மூன்று நான்கு ஆண்டு உழைத்த போன் மந்தமானால், போனை மாற்றுமுன் பேட்டரியைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. பேட்டரி உப்பியிருந்தால் போனைச் சார்ஜில் போடக் கூடாது. உடனே மாற்ற வேண்டும்.

அப்டேட் செய்யுமுன்

பெரிய அப்டேட்டை அறுவடை நாளிலோ, பதிவுக்குக் கடைசித் தேதி நெருங்கும்போதோ செய்யக் கூடாது. ஒரு வாரம் பொறுத்து, அதே மாடல் போன் வைத்திருப்பவர்களை விசாரித்துவிட்டுச் செய்யலாம். பொதுவாக, ஒருமுறை பெரிய அப்டேட் செய்துவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. பயிர்ச் சேதப் படங்கள், பட்டா, சிட்டா நகல்களை வேறிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். முக்கியமான போன் எண்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பதும் அவசியம். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். அப்டேட் நடக்கும்போது போனை அணைக்கக் கூடாது.

மந்தமான பின் செய்ய வேண்டியவை

கீழே கண்டவற்றை வரிசையாகச் செய்து வர வேண்டும். ஒன்றிலேயே சரியாகிவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டியதில்லை.

1. போனை அணைத்து மறுபடி போட வேண்டும். இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

2. பிளே ஸ்டோரில் எல்லாச் செயலிகளையும் அப்டேட் செய்ய வேண்டும். புதிய மென்பொருளோடு பழைய செயலி ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

3. வாட்ஸ்அப்பில் சேர்ந்துள்ள வீடியோக்களையும், பயன்படுத்தாத செயலிகளையும் நீக்க வேண்டும்.

4. ஒரு செயலி மட்டும் தொல்லை தந்தால், செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குப் போய் ‘கிளியர் கேஷ்’ கொடுக்கலாம். பக்கத்தில் உள்ள ‘கிளியர் டேட்டா’வைத் தொட்டால் பதிவுகள் போய்விடும், கவனம் தேவை.

5. எதிலும் சரியாகாவிட்டால், எல்லாவற்றையும் நகல் எடுத்த பின்பே போனை முழுதாக அழித்துப் புதிதாக்க வேண்டும். இது கடைசி வழி.

உத்தரவாத காலத்துக்குள் உள்ள போன் என்றால் பில்லுடன் சர்வீஸ் சென்டருக்குச் செல்ல வேண்டும். அங்கு தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கூறலாம்.

போலி அப்டேட் ஜாக்கிரதை

வாட்ஸ்அப்பில் வரும் எந்த அப்டேட்டும் அப்டேட் அல்ல. பி.எம். கிசான் பெயரிலும், வங்கிகள் பெயரிலும் போலிச் செயலிக் கோப்புகளை அனுப்பிக் கணக்கைச் சுரண்டும் கூட்டம் இருக்கிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடக் கூடாது. அவர் போனே திருடர் கையில் இருக்கலாம். உண்மையான அப்டேட் போனின் செட்டிங்ஸிலும், பிளே ஸ்டோரிலும் மட்டுமே வரும். பணம் போய்விட்டால் சிறிதும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

போன் வாங்கும்போது

கேமராவைப் பார்ப்பதற்கு முன், பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்று கேட்க வேண்டும். விலை உயர்ந்த சில மாடல்களுக்கு 7 ஆண்டு என்று கம்பெனிகளே அறிவித்துள்ளன. ஐரோப்பிய நாடுகளில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுக்கு அப்டேட் தர வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்திருக்கிறது. பழைய போன் வாங்குவோர், செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பார்க்க வேண்டும். அது இரண்டு ஆண்டுக்கு முந்தியது என்றால், மலிவாகக் கிடைத்தாலும் வங்கிக் காரியங்களுக்கு அது உதவாது.

மாற்று வழி தேவை

எல்லா வேலைக்கும் ஒரே போனை நம்பியிருப்பது, ஒரே கிணற்றை நம்பி மூன்று போகம் போடுவது போன்றது. செல்போன் மூலம் மோட்டாரை இயக்கும் கருவி வைத்திருப்போர், செயலி இல்லாமல் கால் அல்லது மெசேஜ் மூலம் இயக்கும் முறை அதில் உண்டா என்று கேட்டு, அதையும் பழகி வைக்க வேண்டும். பி.எம். கிசான் சரிபார்ப்பைப் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தும் முடிக்கலாம். பயிர் பற்றிய சந்தேகங்களுக்கு 1800-180-1551 என்ற இலவச எண்ணைப் பட்டன் போனிலிருந்தே அழைக்கலாம். இந்த எண்களை வீட்டுச் சுவரில் எழுதிவைத்தால், போன் மக்கர் செய்யும் நாளிலும் வேலை நிற்காது.