சில்லறையை மறக்கச் செய்த செல்பேசி

புதிய கருவி ஒன்றை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்னும் கேள்விக்கு அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989-இல் தந்த விடை இன்றும் எடுத்தாளப்படுகிறது. அது தமக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையும், அதைக் கையாள்வது எளிது என்ற எண்ணமுமே முடிவைத் தீர்மானிக்கின்றன என்றார் அவர். 2003-இல் விஸ்வநாத் வெங்கடேஷும் உடன் ஆய்ந்தோரும் இவற்றோடு சுற்றத்தாரின் தூண்டுதலையும், வேண்டிய வசதிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதையும் சேர்த்தனர். இந்தியாவில் யுபிஐ பரவிய விதம் இக்கருத்துகளைப் பெரிதும் மெய்ப்பிக்கிறது. கூடவே, வாங்குபவர் பழகுவதற்கு முன்பாக விற்பவருக்கு நம்பிக்கை பிறந்தாக வேண்டும் என்பதையும் உணர்த்துகிறது.

யுபிஐ என்பது தனியொரு செயலியின் பெயரன்று. எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் வேறெந்த வங்கிக் கணக்குக்கும் நொடிகளில் பணம் செல்ல வழிசெய்யும் பொதுக் கட்டமைப்பாக, இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் இதை 2016-இல் அறிமுகப்படுத்தியது. ஜிபே, போன்பே, பீம் ஆகியவை அதற்குள் நுழையும் வாயில்கள். கணக்கு எண்ணையும் கிளைக் குறியீட்டையும் பிழையின்றி நிரப்ப வேண்டிய தொல்லையும், மின்பணப்பையில் முன்கூட்டியே தொகை போட்டுவைக்கும் தேவையும் இதனால் நீங்கின.

அதே ஆண்டு நவம்பர் 8-இல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டதே இம்மாற்றத்துக்குக் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பலரையும் முதன்முறை முயன்று பார்க்கத் தூண்டியது உண்மை. ஆயினும் புழக்கத்திலுள்ள நோட்டுகளின் மதிப்பு பின்னாளில் பழைய அளவையும் தாண்டி வளர்ந்திருப்பதால், நெருக்கடி மட்டுமே ஒரு பழக்கத்தை நிலைநிறுத்திவிடாது என்றே கொள்ள வேண்டும். நிலைநிறுத்தியது அன்றாடச் சில்லறைத் தொல்லையே. பதினேழு ரூபாய்க்குக் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் வாங்கியவர் நூறு ரூபாய் நோட்டை நீட்டி, மீதியில் குறைந்த சில்லறைக்கு மிட்டாயைப் பெற்றுத் திரும்பிய காலத்தில் இருதரப்பும் பட்ட சங்கடம், சரியாகப் பதினேழு ரூபாயே கைமாறும்போது மறைந்துவிடுகிறது.

விற்பவரின் நிலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு கையில் வடிகட்டியும் மறுகையில் பால் குவளையுமாக நிற்கும் டீக்கடைக்காரர் ஒவ்வொரு முறையும் செல்பேசியை எடுத்துப் பணம் வந்ததா என்று பார்க்க முடியாது. வாடிக்கையாளர் காட்டும் திரை உண்மையானதா என்பதையும் அந்த நெரிசலில் அவரால் சோதிக்க இயலாது. வந்து சேர்ந்த தொகையைத் தமிழிலேயே உரக்கச் சொல்லும் சிறு பெட்டி கல்லாவின் அருகில் வந்தமர்ந்த பிறகு அந்த ஐயம் தீர்ந்தது. வரிசையில் நிற்போர் அனைவருக்கும் அக்குரல் கேட்பதால், தயங்கி நின்றவருக்கும் துணிவு பிறந்தது. யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் வாங்குவது 2020 ஜனவரி முதல் நீக்கப்பட்டதும், கியூஆர் கோடு அச்சிட்ட ஓர் அட்டையே போதும் என்பதும் சிறுகடைக்காரரின் கணக்குக்குப் பொருந்தின.

கார்டை இயந்திரத்தின் மேல் காட்டினாலே பணம் செலுத்தப்படும் தொடா முறைக்கு இத்தகைய எளிய தொடக்கம் அமையவில்லை. 5000 ரூபாய் வரை ரகசிய எண் இன்றியே செலுத்தலாம் என ரிசர்வ் வங்கி 2021-இல் வரம்பை உயர்த்தியபோதும், அதற்கான இயந்திரம் பெரிய கடைகளிலேயே மிகுதியாக இருந்தது. லண்டனில் நிலைமை வேறு. 2014 ஜூலையில் நகரப் பேருந்துகள் ரொக்கம் பெறுவதை நிறுத்தியதால், கார்டைக் காட்டி ஏறுவது அங்கு அன்றாட வழக்கமாயிற்று.

எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. கையிலிருந்து பணம் போவதை உணரும்போது எழும் மனவலியே செலவுக்குக் கடிவாளமாகிறது என்று டிராசன் பிரெலெக்கும் ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் 1998-இல் விளக்கினர். நோட்டை எண்ணாமல் திரையைத் தொடும்போது அந்த வலி மங்குகிறது. மாதச் சம்பளத்துக்குள் வீட்டை நடத்துவோர் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

சாதாரண செல்பேசி வைத்திருப்போருக்காக 2022-இல் யுபிஐ 123பே வந்தபோதும், முதியோர் பலர் ஒதுங்கியே நிற்பதற்கு ஏமாற்றப்படுவோம் என்ற அச்சமே முதன்மையான காரணம். அந்த அச்சம் நியாயமானதே. “உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, ரகசிய எண்ணைப் போடுங்கள்” என்று ஆசைகாட்டுவோரிடம் சேமிப்பை இழந்தோர் உண்டு. பணம் கொடுப்பதற்குத்தான் ரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு ஒருபோதும் வேண்டியதில்லை என்னும் விதியையும், ஏமாந்தால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்னும் உதவி எண்ணையும், செயலியை நிறுவித் தரும் பிள்ளைகள் அன்றே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பது கடமை.