ரிச்மண்ட் போறீங்களா? முதல்ல காலண்டரைப் பாருங்க

அம்மா ஊர்ல இருந்து லண்டன் வந்திருக்காங்க. எனக்கு ரெண்டு நாள் லீவு, அவங்களுக்கு முழங்கால் வலி. "கூட்டம் வேண்டாம், மரமும் ஆறும் இருக்கிற இடமா கூட்டிட்டுப் போ"ன்னாங்க. யோசிக்காம ரிச்மண்ட்னு சொல்லிட்டேன். வாட்டர்லூவில இருந்து ரயில்ல இருபது நிமிஷம், அவ்வளவுதான்.

ஆனா ஒரு பயம் இருந்துச்சு. முன்னாடி ஒரு தடவை நண்பர்களோட அங்க போனப்ப, ஆத்தங்கரையில உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். திரும்பிப் பார்த்தா வந்த வழியில தண்ணி. ஷூவைக் கையில தூக்கிக்கிட்டு நடந்தோம். அம்மாவை அப்படி நடக்க வைக்க முடியாது.

விஷயம் இதுதான். ரிச்மண்டைத் தாண்டி டெடிங்டன் வரைக்கும் தேம்ஸ்ல கடலோட ஏற்ற இறக்கம் உண்டு. அமாவாசை, பௌர்ணமி முடிஞ்ச ஓரிரு நாள்ல ஏற்றம் அதிகமா இருக்கும். அப்போ கரையோர நடைபாதையிலயும் பக்கத்து ரோட்லயும் தண்ணி ஏறிடும். அங்க காரை நிறுத்திட்டுப் போனவங்க பாடு திண்டாட்டம். அந்த நாட்கள்ல பகல்ல வர்ற ஏற்றம் பெரும்பாலும் பிற்பகல்லதான், அதாவது எல்லாரும் கரையில காலாற நடக்கிற நேரத்துல.

இதை அம்மாகிட்ட விளக்கினா, "இதுக்கு எதுக்குடா ஆப்? தினசரி காலண்டர்ல அமாவாசை போட்டிருக்குமே"ன்னாங்க. நாளைத் தேர்வு செய்ய அது போதும்தான். சரியான நேரத்துக்கு லண்டன் துறைமுக ஆணையத்தோட அட்டவணை இருக்கு. லண்டன் பாலத்துக்குப் போட்டிருக்கிற நேரத்தோட ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூட்டிக்கோங்க.

எங்க திட்டம்: முதல் நாள் தண்ணி இறங்கியிருக்கிறப்போ கரை. 1777-ல கட்டி முடிச்ச ரிச்மண்ட் பாலத்தைப் பார்த்துட்டு, டாக்ஸியில குன்று மேல ஏறிடணும். ஏறி நடக்காதீங்க, இறங்கி நடங்க. முழங்கால் உங்களை வாழ்த்தும். மேல இருந்து ஆறு வளைஞ்சு போற காட்சியை மறைச்சு யாரும் கட்டடம் கட்டிடக் கூடாதுன்னு 1902-லயே நாடாளுமன்றத்தில சட்டம் போட்டுட்டாங்க. டர்னர் வரைஞ்ச காட்சி அது.

ரெண்டாவது நாள் பூங்கா. 2,500 ஏக்கர், நூத்துக்கணக்கான மான்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. (மான்கிட்டப் போய் செல்ஃபி எடுக்காதீங்க. 50 மீட்டர் தள்ளியே நில்லுங்க.)

இப்போ இலவசமா உள்ள போறோமே, அது சும்மா கிடைச்சதில்ல. 1637-ல முதலாம் சார்லஸ் மன்னர் வேட்டைக்காக இந்த இடத்தைச் சுவர் வைச்சு அடைச்சார். பின்னால பொறுப்புக்கு வந்த இளவரசி அமேலியா பொதுமக்களை உள்ள விடலை. ஜான் லூயிஸ்னு உள்ளூர்ல பீர் காய்ச்சுறவர் ஒருத்தர் (அந்தக் கடைக்காரர் இல்லீங்க) வழக்குப் போட்டு 1758-ல ஜெயிச்சார். சுவர்ல ஏறி இறங்க ஏணிப்படி வைச்சுக் கொடுத்தாங்க. அதுலயும் ஒரு குசும்பு: படிகளுக்கு நடுவுல அவ்வளவு இடைவெளி. அவர் விடலை, திரும்பக் கோர்ட்டுக்குப் போனார். கிழவிகள்கூட ஏறுற மாதிரி படியைச் சரி பண்ணணும்னு நீதிபதி சொல்லிட்டார்.

கதையைக் கேட்டதும் அம்மா கேட்டது ஒண்ணுதான்: "இப்பவும் ஏறித்தான் போகணுமா?"

இல்லம்மா, இப்ப கேட் திறந்தே இருக்கு. அவரைத் தடுத்த அதே ஷீன் வாசல் வழியாத்தான் சனிக்கிழமை காலையில உள்ள போறோம்.