பெயரும் பிழையும்: முன்னோரைத் தேடும் முறை

முன்னோரின் வரலாற்றை அறிய விழைவோர்க்குப் பெயர்ப்பதிவு இன்றியமையாதது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் 1921ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப் படிவங்கள் நூறாண்டு கழிந்தபின், 2022இல் இணையத்தில் வெளியாயின. அங்குள்ளோர் முன்னோரைப் பெயர் சொல்லித் தேடலாம். நம் நாட்டிலோ, 1948ஆம் ஆண்டுக் குடிக்கணக்குச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனியாள் விவரங்களைப் பார்வைக்குத் திறப்பதில்லை. நமக்கு எண்ணிக்கை கிட்டும், பெயர் கிட்டாது.

எனினும், கடல் கடந்தோரின் பெயர்கள் எஞ்சியுள்ளன. 1860 நவம்பர் 16 அன்று 'டுரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பனை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவருள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், ஊர் முதலியன குறித்த கப்பல் பட்டியல்கள் இன்று இணையத்தில் உள்ளன. தஞ்சை மண்ணில் தம் வேரைத் தேடும் தென்னாப்பிரிக்கக் குடும்பங்களுக்கு இவையே முதற்சான்று.

இப்பட்டியல்களில் பிழை இருவகையாக நேர்கிறது. எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கிலத்தில் எழுதியது ஒன்று. அக்கையெழுத்தைப் பிற்காலத்தார் தவறாகப் படித்துப் படியெடுத்தது மற்றொன்று. கவுண்டர் 'கொவெண்டர்' ஆனதும், முதலியார் 'மூட்லி' ஆனதும் முதல்வகை. மைதீன் என்னும் ஒரே பெயர் மொய்தீன், மொஹிதீன், மைடீன் எனப் பலவாறு வரும். ழகர, ளகர, லகரங்கள் மூன்றுக்கும் பெரும்பாலும் ஓர் எழுத்தே நிற்கும்.

ஆதலின், முழுப்பெயரை மட்டும் நம்பித் தேடுதல் பயன் தராது. பெயரின் ஒரு பகுதியை மட்டும் இட்டுத் தேடுக. தந்தை பெயர், வயது, கப்பல், ஊர் ஆகியவற்றை ஒப்பிடுக. 'டான்ஜோர்' என்றிருப்பின், அது தஞ்சை நகரை மட்டும் குறிப்பதாகக் கொள்ளற்க. இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களும் அன்றைய தஞ்சை மாவட்டத்துள் அடங்கியவையே. இயன்றால் மூலப்பட்டியலின் படத்தைக் காண்க. ஊர் தெளிவானபின், நிலப்பத்திரம், ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு, முதியோர் நினைவு ஆகியவற்றோடு பொருத்துக. பெயர் ஒன்று பொருந்தியதனாலேயே உறவு கொண்டாடுதல் ஆகாது; பிழையான முடிவு, ஒரு குடும்பத்தை அயலார் வாசலில் நிறுத்திவிடும்.

இப்பணி தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், குடந்தைக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், ஏடு பல ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். புள்ளியும் நெடிற்குறியும் தெளிவற்ற சுவடிகளில் பொருந்தும் பாடத்தைத் தேர்ந்த அதே முறையே இங்கும் வேண்டப்படுகிறது. எழுத்தின் ஒலியறிந்தவரே சிதைந்த பெயரின் மூலவடிவை உணர்வர்.

மாணவர்காள்! உம் இல்லத்து முதியோரிடம் நான்கு தலைமுறைப் பெயர்களையும் ஊர்களையும் கேட்டு, இன்றே தமிழில் பிழையற எழுதி வைப்பீராக. கடல் கடந்து வாழும் ஓர் உறவு நாளை நம்மைத் தேடி வருமாயின், அவ்வேடே வழிகாட்டும்.